“சாதுவான குதிரை, எல்லா வேலைக்கும் ஆகும்”: ஒரு சவாரிக் குதிரை வாங்கப்பட்ட நிகழ்வு பற்றிய ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தினர், தங்கள் 13 வயது மகளுக்காகச் சவாரிக் குதிரை ஒன்று வாங்க விரும்பினர். அந்தச் சிறுமி நான் பயிற்சி அளிக்கும் குதிரையேற்றப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகக் கற்று வந்தவள். நடை, ட்ராட் (குதிரையின் துள்ளு நடை) இரண்டிலும் சமநிலை தவறாமல் அமர்வாள். அதைவிட விரைவான கேண்டர் என்னும் ஓட்டத்தில் இன்னும் கடிவாள வாரைப் பிடித்துத்தான் தன்னை நிலைநிறுத்திக்கொள்வாள். அவளுடைய எடை 41 கிலோ. தந்தையும் ஓய்வு நாட்களில் அதே குதிரையில் ஏறலாம் என்று எண்ணியிருந்தார். அவருடைய எடை 82 கிலோ. பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகள் இந்த எண்களைச் சார்ந்திருந்ததால் அவற்றை இங்கேயே குறிப்பிடுகிறேன்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்த நேரம். ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தம்மிடம் கத்தியவார் இனக் கலப்பில் ஒரு பெண் குதிரை விலைக்கு இருப்பதாகத் தந்தையிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே சந்தையில் அவர் வாங்கிய குதிரை அது. வார இறுதிகளில் ஓர் அணைப் பூங்காவில் சுற்றுலா வருவோருக்குச் சவாரி, மற்ற நாட்களில் இலகுவான வண்டி, முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று அதை வைத்து அவர் பிழைப்பு நடத்தியிருக்கிறார். “பச்சப்புள்ள ஏறுனாலும் ஒண்ணும் பண்ணாதுங்க. சவாரிக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகுமுங்க” என்பது அவர் சொன்ன விவரம். ஒன்பது வயது என்றும், சுழி (உடலில் மயிர் சுழலும் இடங்கள்) சுத்தம் என்றும், விலை 1,40,000 ரூபாய் என்றும் சொன்னார்.

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அவர் சொன்னவற்றில் வயதைத் தவிர மற்ற அனைத்தும் அவர் அறிந்த அளவில் உண்மையே. ஒரு குதிரையைப் பற்றி உண்மையாகச் சொல்லப்பட்ட ஒன்று, அந்தக் குதிரை இடம் மாறியதும் எப்படி உண்மை அல்லாமல் போகிறது என்பதற்காகவே இந்த நிகழ்வைப் பதிவு செய்கிறேன்.

முதல் பார்வையிடல்

செப்டம்பர் முதல் வாரத்தில், குடும்பத்தினருடன் நானும் சென்றேன். நாங்கள் வரும்வரை சேணம் பூட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். குதிரையை அவிழ்த்துப் பிடிப்பது, கட்டுவது, சேணம் வைப்பது ஆகிய வேளைகளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது இதன் காரணம். ஆனால் நாங்கள் போனபோது சேணம் பூட்டப்பட்டிருந்தது. சேணத்தின் அடிவிரிப்பைத் தூக்கி முதுகில் கை வைத்தேன். சூடாக இருந்தது. சேணத்தின் வயிற்று வார் படும் இடத்தில் வியர்வை காய்ந்து உப்புத் தடமாக நின்றது. அன்று காலையிலேயே அது இரண்டு மணி நேரம் வண்டியில் ஓடியிருந்தது என்பதைக் கேட்டவுடன் உரிமையாளர் மறைக்காமல் சொன்னார். களைத்த குதிரையின் அமைதியைக் கொண்டு அதன் குணத்தைக் கணிக்க இயலாது என்பதால், அன்று பார்த்தவற்றில் குணம் பற்றிய குறிப்புகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

உடல் பற்றிய குறிப்புகள் வேறு. நிறம் செம்பழுப்பு, பிடரியும் வாலும் கருப்பு, காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இருந்தன. உயரம் 14 கை, அதாவது 56 அங்குலம். விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ண முடிந்தது. 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவீட்டில் 3 என்று குறித்துக்கொண்டேன். நான்கு குளம்புகளிலும் முன்பகுதி நீண்டிருந்தது. லாடம் அடித்து மூன்று மாதத்திற்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

உடன் வந்திருந்த குடும்பப் பெரியவர் ஒருவர் அரைமணி நேரம் சுழி பார்த்தார். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, மார்புச் சுழி எல்லாவற்றையும் விரலால் தடவித் திருப்தி அடைந்தார். நம் பகுதியில் குதிரையின் விலையில் பாதியைச் சுழிதான் தீர்மானிக்கிறது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் குதிரையின் காலை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை, வாயை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

வாயை நான் திறந்து பார்த்தபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. மேல் தாடையின் ஓர வெட்டுப்பல்லில், ஈறிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் பழுப்பு நிறப் பள்ளக்கோடு பல்லின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. இந்தக் கோடு ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் தோன்றி, 15 வயதில் பல்லின் பாதியை எட்டும். ஆகவே வயது ஒன்பது அல்ல, 13 அல்லது 14. இரண்டாவது செய்தி என்னை வருத்தியது. உதட்டின் இரு ஓரங்களிலும் தழும்பு தடித்து வெளுத்திருந்தது. நாக்கின் இருபுறமும், கடிவாளம் அமரும் பல்லில்லாத ஈறுப் பகுதியில், ஆறிய புண்களின் மேடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கொட்டிலின் தூணில் மாட்டியிருந்தது முள் கடிவாளம்.

முள் வைத்த கடிவாளத்தை, இழுவை மற்றும் பொதி விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு விதிகள், 1965 தடை செய்கின்றன. உரிமையாளருக்கு இது தெரியாது. தமக்கு விற்றவர் குதிரையோடு கொடுத்த கடிவாளம் அது என்றார். அந்தக் கடிவாளத்தில் ஒரு குதிரை சாதுவாக இருப்பதற்கும், சாதாரணக் கடிவாளத்தில் சாதுவாக இருப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் அது வலிக்கு அஞ்சி நிற்கிறது. எங்கள் முன் இருந்த கேள்வி அன்றே தெளிவாகிவிட்டது: இந்தக் குதிரை ஏன் சாதுவாக இருக்கிறது?

இரண்டாவது பார்வையிடல்

ஒரு வாரம் கழித்து, நேரம் சொல்லாமல் காலை ஆறரை மணிக்கு, கால்நடை மருத்துவர் ஒருவருடன் மீண்டும் சென்றோம். முந்தைய நாள் குதிரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அமைதிப்படுத்தும் மருந்து ஏதும் கொடுக்கப்பட்டிருக்கலாமோ என்ற ஐயத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய மருந்து உடலில் இருந்தால் தலை தாழ்ந்து, இமை சரிந்து, மூன்றாம் இமை கண்ணின் உள்மூலையில் துருத்தி நிற்கும். அப்படி எதுவும் இல்லை. தலையைத் தூக்கி, காதை முன்னோக்கி விறைத்து, எங்கள் வண்டி வந்த திசையைப் பார்த்தபடிதான் குதிரை நின்றது.

ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 36, மூச்சு 12. இயல்பான வரம்பு முறையே 28 முதல் 44, 8 முதல் 16. கண், இதயம், நுரையீரலில் குறை இல்லை. கெட்டித் தரையில் ட்ராட்டில் ஓடவிட்டபோது தலை ஏறி இறங்கவில்லை, ஆகவே ஒரு காலில் மட்டும் நொண்டல் இல்லை. ஆனால் முன்கால்கள் இரண்டிலும் அடி வைக்கும் நீளம் குறுகலாக இருந்தது. ஒவ்வொரு முன்காலின் கீழ் மூட்டுகளையும் 60 விநாடி மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டும் அது கூடவில்லை, குறையவும் இல்லை. நீண்டுபோன குளம்பே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். அதோடு தீவனத்தைப் பற்றியும் கேட்டார்.

நாளொன்றுக்கு நான்கு கிலோ கோதுமைத் தவிடு, ஒரு கிலோ கொள்ளு, நெல் வைக்கோல், நேப்பியர் வகைப் பசும்புல். நம் ஊரில் மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட், தீவனத்தில் இருக்கும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. இரண்டும் சேர்ந்து நீண்ட காலம் நடந்தால், குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத விறைப்பு தென்படும், முற்றினால் முக எலும்புகள் வீங்கும். இரத்தத்தில் சுண்ணாம்பு அளவு பெரும்பாலும் இயல்பாகவே காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனை இதைப் பிடிக்காது. எங்கள் குதிரையின் முகத்தில் வீக்கம் இல்லை. இந்த நோய் தொடக்க நிலையில் இருக்கலாம் என்பது மருத்துவரின் ஐயம் மட்டுமே. பிறகும் அது உறுதி செய்யப்படவில்லை.

அதன் பின் நாங்கள் கொண்டுபோயிருந்த, நடுவில் ஒரே மூட்டு உள்ள எளிய கடிவாளத்தை மாட்டி, என்னுடன் பணிபுரியும் 50 கிலோ எடையுள்ள பெண் பயிற்சியாளர் ஏறினார். இந்த நிகழ்வில் நான் மிகவும் நம்பிப் பார்த்த பரிசோதனை இதுதான். முதல் சில நிமிடங்கள் குதிரை தலையை உயர்த்தி வாயை மெல்லுவதும் வாயைப் பிளப்பதுமாக இருந்தது. இழுப்பு வரும், வலி வரும் என்று எதிர்பார்த்தது. கடிவாள வாரைத் தளர்த்தியே வைத்திருந்தார் பயிற்சியாளர். பத்து நிமிடங்களுக்குள் கழுத்து இறங்கியது. நிற்கச் சொன்னால் நின்றது, திருப்பினால் திரும்பியது. பறை அடித்தோம், தார்ப்பாயை உதறினோம், இருசக்கர வண்டியை அருகில் முடுக்கினோம். ஊர்வலங்களில் பழகிய குதிரையாதலால் காதைக்கூட அசைக்கவில்லை. சிறுமி ஏறியபோதும் அப்படியே இருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

எடையை நாடாவால் கணக்கிட்டோம். மார்புச் சுற்றளவு 152 சென்டிமீட்டர், உடல் நீளம் 140. சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 272 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பொதுவிதியின்படி, இந்தக் குதிரை சுமக்கக்கூடியது 54 கிலோ. ஏழு கிலோ சேணத்தோடு சிறுமி 48 கிலோ. தந்தை இந்தக் குதிரையில் ஏறவே முடியாது. அது தேறி 300 கிலோவை எட்டினாலும் முடியாது. “எல்லா வேலைக்கும் ஆகும்” என்பதன் முதல் எல்லை அங்கே தெரிந்தது. தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளுக்குப் பொருந்தினால் போதும் என்றார்.

வாங்குவதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தோம். முதலாவது, குருதிப் பரிசோதனை. சந்தைகளில் பல மாநிலக் குதிரைகள் ஒன்றோடொன்று கலப்பதால், கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் இல்லை என்று தெரியாமல் ஒரு குதிரையை இன்னொரு லாயத்துக்குள் விடக் கூடாது. அந்த நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009-இன் கீழ் அறிவிக்கப்பட வேண்டியது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை. கால்நடை பராமரிப்புத் துறை வழியாக ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரி அனுப்பப்பட்டது. உரிமையாளர் இதைத் தம்மீது வைத்த சந்தேகமாகவே முதலில் எடுத்துக்கொண்டார். நோய் இருந்தால் அவருடைய மற்ற இரு குதிரைகளுக்கும் அவருடைய வீட்டாருக்கும்தான் முதல் ஆபத்து என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகு இசைந்தார். 12 நாட்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தது.

இரண்டாவது நிபந்தனை, எழுத்து. 13 வயதுச் சிறுமி தனியாகச் சவாரி செய்வதற்காக வாங்கப்படுகிறது என்ற நோக்கத்தையும், விற்பவர் கொடுத்த உறுதியையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். பொருள் விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவின்படி பொருளின் தகுதியைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. வாங்கும் நோக்கத்தைத் தெரிவித்து, அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் திறமையை நம்பி வாங்கும்போது நிலை மாறுகிறது.

மூன்றாவது, சோதனைக் காலம். நான் 15 நாட்கள் கேட்டேன். 1,15,000 ரூபாய் விலை பேசி, 60,000 முன்பணம் கொடுத்து, 15 நாட்களுக்குள் திருப்பினால் 10,000 ரூபாய் பிடித்தம் என்று ஒப்புக்கொண்டோம். அப்போது எனக்கு அது நல்ல பாதுகாப்பாகத் தோன்றியது. இந்த நிகழ்வில் நான் செய்த முதல் பெரிய தவறு அந்த 15 நாள் கணக்குதான்.

முதல் எட்டு வாரங்கள்

செப்டம்பர் இறுதியில் குதிரை தோப்புக்கு வந்தது. மற்றக் கால்நடைகளிலிருந்து விலக்கி 21 நாட்கள் தனிக் கொட்டிலில் வைத்தோம். குளம்புகளை ஒரேயடியாக வெட்டாமல், ஆறு வார இடைவெளியில் இரண்டு முறையாகச் சீராக்க லாடம் அடிப்பவர் திட்டமிட்டார். கடைவாய்ப் பற்களின் கூர்முனைகளை மருத்துவர் அராவினார். இழுப்புவாத (டெட்டனஸ்) நோய்க்கான தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் இரு தவணைகளாகப் போடப்பட்டது. குடற்புழு நீக்கம் செய்யப்பட்டது. தவிட்டையும் நேப்பியர் புல்லையும் நிறுத்தி, காய்ந்த அருகம்புல்லும் குதிரை மசாலும் கொடுத்தோம். மசாலுக்கு அந்தப் பெயர் காரணமில்லாமல் வரவில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனம் அது. கூடவே ஒன்றரைக் கிலோ வேகவைத்த கொள்ளும், இரண்டு கிலோ நசுக்கிய ஓட்ஸும்.

சோதனைக் காலத்தின் 15 நாட்களும் எந்தக் குறையும் இல்லாமல் கழிந்தன. மீதித் தொகை கொடுக்கப்பட்டது. ஐந்தாவது வாரத்தில் முதுகில் சதை பிடித்தது, மயிர் பளபளத்தது. ட்ராட்டில் அடி வைக்கும் நீளம் கூடியது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு கணக்கை நான் போடவில்லை. பழைய இடத்தில் இந்தக் குதிரை நாளுக்கு நான்கைந்து மணி நேரம் வேலை செய்தது. இங்கே வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம். தீவனத்தின் சக்தி கூடியது, வேலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

ஏழாவது வாரத்தில் சிறுமி என்னிடம் ஒன்று சொன்னாள்: “மாஸ்டர், இப்பல்லாம் வார் கட்டும்போது திரும்பித் திரும்பிப் பாக்குது.” நான் போய்ப் பார்த்தேன். வயிற்று வாரை இழுத்தபோது குதிரை கழுத்தைத் திருப்பி விலாப்பக்கம் பார்த்தது, வாலை ஒருமுறை சுழற்றியது. அவசரமாகக் கட்டாதே, ஒவ்வொரு துளையாக இறுக்கு என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னது சரியான அறிவுரைதான். ஆனால் அன்று சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

விபத்து

நவம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாட்கள் தொடர்ந்து மழை. குதிரை கொட்டிலிலேயே நின்றது. தீவனம் மட்டும் குறையவில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலை வெயில் வந்ததும் சிறுமி சேணம் பூட்டி ஏறினாள். நான் 20 அடி தூரத்தில் நின்றிருந்தேன். தோப்புப் பாதையில் இரண்டாவது சுற்றில், பின்னால் ஒரு தென்னை மட்டை விழுந்தது. பறைக்கும் வேட்டுக்கும் அசையாத குதிரை, பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளிப் பாய்ந்தது. ஏறக்குறைய 100 மீட்டர் ஓடி, பாதை திரும்பும் இடத்தில் சிறுமி விழுந்தாள். இடது காறை எலும்பில் விரிசல் ஏற்பட்டது. தலைக்கவசத்தின் பக்கவாட்டில் ஆழமான கீறல் விழுந்திருந்தது. கவசம் இல்லாமல் ஏற யாரையும் அனுமதிக்காத பழக்கம் அன்று அவளைக் காத்தது.

குதிரை 30 அடி தள்ளி உடல் நடுங்க நின்றது. நான் அழைத்ததும் தானே நடந்து வந்தது.

காரணம் தேடிய மூன்று நாட்கள்

விபத்தன்று மாலையே உறவினர்களின் கருத்துகள் வந்துவிட்டன. “குதிரை குணம் அறிந்தே தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று பெரியவர் சொன்னார். முள் கடிவாளத்தைத் திரும்பப் போட்டால் தானாக அடங்கும் என்று இன்னொருவர் சொன்னார். மகள் கட்டுப்போட்டுக் கிடந்த வேதனையில் தந்தையும் ஏறக்குறைய அதற்கு இசைந்துவிட்டார். எனக்கு மூன்று நாட்கள் கொடுங்கள் என்று கேட்டேன்.

பழைய உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “எங்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் இப்படிப் பண்ணலீங்க” என்றார். அவர் சொன்னதை நான் முழுமையாக நம்பினேன். அவரிடம் இருந்தது மெலிந்த, ஒவ்வொரு நாளும் களைத்த, வாய் வலிக்கு அஞ்சிய குதிரை. எங்களிடம் இருந்தது வேறொரு குதிரை.

எடையை மீண்டும் எடுத்தோம். மார்புச் சுற்றளவு 159, நீளம் 141. ஏறக்குறைய 300 கிலோ. ஒன்பது வாரங்களில் 28 கிலோ கூடியிருந்தது. பிறகு அதே சேணத்தைப் பூட்டி, ஆள் ஏற்றாமல் நீண்ட கயிற்றில் 20 நிமிடம் சுற்றிவிட்டுக் கழற்றினோம். சேணம் பட்ட இடம் முழுதும் வியர்வையில் நனைந்து கருத்திருக்க, தோள்மேட்டின் இருபுறமும் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை வராது. அங்கே கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் குதிரை முதுகை வளைத்து விலகியது. விலா தெரிந்த குதிரைக்கு அளவெடுத்து வாங்கிய சேணம், சதை பிடித்த முதுகில் இடுக்கியாக மாறியிருந்தது. சிறுமி ஏழாம் வாரத்தில் சொன்னது அதன் முதல் அறிகுறி.

ஆக, மிகுந்த தீவனம், குறைந்த வேலை, நான்கு நாள் அடைப்பு, ஒவ்வொரு அடியிலும் தோளில் அழுத்தும் சேணம். மட்டை விழுந்தது கடைசிக் காரணம் மட்டுமே. முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் நான் பொறுப்பு என்று குடும்பத்தினரிடம் சொன்னேன்.

அடுத்த முடிவு

பழைய உரிமையாளர் 70,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்ள முன்வந்தார். கொடுத்துவிடலாமா என்பதைத் தாய், தந்தை, மருத்துவர், நான் நால்வரும் பேசினோம். திருப்பி அனுப்பினால் குதிரை பழைய கடிவாளத்துக்கும் பழைய தீவனத்துக்கும் போகும் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தை ஒரு குழந்தையின் பாதுகாப்புக்கு எதிராகத் தராசில் வைக்க முடியாது என்பதைத் தாய் தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. எனவே ஓர் எல்லை வகுத்தோம். பொங்கல் வரை பயிற்சியாளர் மட்டுமே ஏறுவது. அதற்குள் நம்பிக்கை வராவிட்டால், எடை குறைந்த, அனுபவமுள்ள பெரியவர் ஒருவருக்குக் குதிரையைக் கொடுத்துவிடுவது. முள் கடிவாளம் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

ஓட்ஸ் முழுவதும் நிறுத்தப்பட்டது, கொள்ளு பாதியானது, அருகம்புல் கூட்டப்பட்டது. முதுகின் வலி ஆறும்வரை இரண்டு வாரம் சேணமே வைக்கவில்லை, தரையிலிருந்தபடியே பயிற்சி. பகல் முழுவதும் கொட்டிலில் அடைக்காமல், வேலியிட்ட அரை ஏக்கரில் விடப்பட்டது. அகலமான சேணம் வாங்கப்பட்டது. பிறகு வாரத்தில் ஐந்து நாட்கள், தொடக்கத்தில் 20 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் எனப் பயிற்சி.

விளைவு

மூன்று வாரங்களில் வார் கட்டும்போது திரும்பிப் பார்ப்பது நின்றது. பழைய அமைதி அப்படியே திரும்பியது என்று எழுத முடியாது. கொட்டிலை விட்டுத் தனியாக வெகுதூரம் போனால் இன்றும் கனைத்துத் திரும்பப் பார்க்கிறது. அதைப் பயிற்சியால் குறைக்க முடிந்தது, போக்க முடியவில்லை. பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் மருத்துவரும் பயிற்சியாளரும் நானும் தனித்தனியாக மதிப்பிட்டு, தொடரலாம் என்று முடிவெடுத்தோம். பிப்ரவரி இறுதியில் சிறுமி நீண்ட கயிற்றின் கட்டுப்பாட்டில் மீண்டும் ஏறினாள். முதல் நாள் அவள் கை நடுங்கியது. ஏப்ரல் வரை கயிறு. மே மாதம் தோப்புப் பாதையில் தனியாக, பக்கத்தில் நான் நடந்து வர.

தந்தை எங்கள் பள்ளியின் பெரிய குதிரையில் வாரம் ஒருமுறை கற்று வருகிறார். ஊர்வலத்துக்குக் கேட்டு இரண்டு வீட்டார் வந்தபோது மறுத்துவிட்டார்கள். முதல் ஆறு மாதங்களில் மருத்துவம், லாடம், சேணம், தீவனம் ஆகியவற்றுக்கான செலவு, குதிரையின் விலைக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. இதை அவர்களுக்கு நான் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கவில்லை.

இனி மாற்றிச் செய்வன

குதிரை சாது என்று சொல்லப்படும்போது, கடந்த ஆறு வாரங்களில் நாள்தோறும் என்ன தின்றது, எத்தனை மணி நேரம் வேலை செய்தது, எந்தக் கடிவாளத்தில் ஓடியது என்ற மூன்றையும் முதல் தொலைபேசியிலேயே கேட்கிறேன். விலா தெரியும் குதிரைக்கு 15 நாள் சோதனைக் காலம் கேட்பதில்லை. அதன் உண்மையான குணம் எடை தேறிய பிறகே தெரியும் என்பதால், எட்டு முதல் பத்து வாரம் கேட்கிறேன்; விற்பவர் இசையாவிட்டால், திரும்பப் பெறும் விலையையாவது முன்பே எழுதி வாங்குகிறேன். மெலிந்த குதிரைக்குப் புல்லையும் மசாலையும் முதலில் கூட்டி, தானியத்தை வேலை கூடிய பிறகு மட்டுமே கூட்டுகிறேன். எடை தேறும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேணத்தின் வியர்வைத் தடத்தைப் பார்க்கிறேன். மழையில் இரண்டு நாட்களுக்கு மேல் நின்ற குதிரையில், முதலில் நீண்ட கயிற்றில் ஓடவிடாமல் எந்த மாணவரையும் ஏற்றுவதில்லை.

குதிரையை நாள்தோறும் தொடுபவர் சொல்வதை எழுதி வைக்கவும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். அதை அந்தச் சிறுமிதான் எழுதுகிறாள்: தீவன அளவு, வேலை நேரம், வியர்வைத் தடம், வார் கட்டும்போது குதிரையின் காது எந்தப் பக்கம் இருந்தது என்பது. ஞாயிறுதோறும் நான் அதை முழுவதும் படித்துக் கையெழுத்திடுகிறேன்.